ஓப்பரா என்னும் உலாவி

வலைப்பக்கம் ஒன்றைத் திறந்து படிக்கும்போது, அதை எழுதியவர் யார் என்று ஓரளவேனும் எண்ணிப் பார்க்கிறோம். அதை நம் கண்முன் வரைந்து காட்டிய கருவி யாது என்று எண்ணுவதில்லை. அக்கருவிக்கு உலாவி என்று பெயர். தொலைவிலுள்ள கணினியிலிருந்து நம்மை வந்து சேர்பவை எழுத்துக்களும் குறிகளுமே. இது தலைப்பு, இது பத்தி, இவ்விடத்தில் ஒரு படம், இதைத் தொட்டால் வேறொரு பக்கத்துக்குச் செல்க என்னும் கட்டளைகளாக அவை வருகின்றன. அவற்றைப் படித்துப் பொருளுணர்ந்து, நிறமும் அளவும் இடமும் வகுத்துத் திரையில் தீட்டும் உட்பகுதியைப் பொறி என்பர். ஒரே நாடகத்தை இரண்டு குழுவினர் மேடையேற்றினால் அஃது இரண்டு விதமாக அமைவதுபோல், ஒரே பக்கத்தை இரண்டு பொறிகள் இரண்டு விதமாகக் காட்டக்கூடும். நான் இன்று சொல்லப்புகும் வரலாறு முழுவதும் இந்தச் சிறு வேறுபாட்டிலிருந்து கிளைத்ததே.

1993-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்திலிருந்து மொசைக் என்னும் உலாவி வெளிவந்தது. அதை ஆக்கியவருள் சிலர் மறு ஆண்டே நெட்ஸ்கேப் நிறுவனத்தைத் தொடங்கினர். 1995-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் என்னும் உலாவியோடு களத்தில் இறங்கியது. அதை விலையின்றிக் கொடுத்தது. பின்னர்த் தன் விண்டோஸ் இயங்குதளத்தோடு பிரிக்க முடியாதபடி பிணைத்தும் விட்டது. புதுக் கணினி வாங்கியவர் வீட்டுக்கு உலாவியும் உடன் வந்து சேர்ந்தது. நெட்ஸ்கேப் தளர்ந்தது. 2002, 2003-ஆம் ஆண்டுகளில் உலகில் வலைப்பக்கம் படித்தோருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் எக்ஸ்ப்ளோரரையே பயன்படுத்தினர். எஞ்சிய சிலருள்ளும் சிலர், நார்வே நாட்டில் உருவான ஓப்பரா என்னும் உலாவியைக் கைக்கொண்டிருந்தனர். பெரும்பாலான கணக்குகளின்படி, மேசைக் கணினிகளில் ஓப்பராவின் பங்கு உலக அளவில் நூற்றுக்கு இரண்டு மூன்றைத் தாண்டியதில்லை. இத்துணைச் சிறிய ஒன்றுக்கு வரலாறு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பெரும்பான்மையோர் நடந்த பாதையை மட்டும் பார்த்தால், அப்பாதை எவ்வாறு போடப்பட்டது என்பது தெரிவதில்லை. ஒதுங்கி நடந்தவரின் காலில் குத்திய முட்களைக் கொண்டே அதனை அறியலாம்.

1994-ஆம் ஆண்டு, நார்வே நாட்டுத் தொலைபேசி நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் யோன் வான் டெட்ச்னர், கெயர் இவர்சோய் என்னும் இருவர் இதன் வேலையைத் தொடங்கினர். இன்று டெலினோர் எனப்படும் அந்நிறுவனம் உலாவி செய்து விற்கும் தொழிலில் நாட்டம் கொள்ளவில்லை. ஆகவே 1995-இல் இருவரும் தாங்கள் எழுதிய நிரலின் உரிமையைப் பெற்று வெளியே வந்து, ஓஸ்லோ நகரில் ஓப்பரா நிறுவனத்தை நிறுவினர். 1996-இல் உலாவி பொதுமக்கள் கைக்கு வந்தது. சில நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்த்துப் பின்னர் விலை கொடுக்கவேண்டிய முறையில் அதை விற்றார்கள்.

அந்நாளைய கணினிகளின் நினைவகம் சிறியது. தொலைபேசிக் கம்பி வழியே வந்த இணைய இணைப்போ நத்தையினும் மெல்ல ஊர்ந்தது. ஓப்பராவின் தொடக்கக் காலப் பதிப்பு முழுவதும் 1.44 மெகாபைட் கொள்ளும் ஒரே ஃபிளாப்பி வட்டில் அடங்கிவிடும். வசதியுள்ளோர் புதிய எந்திரம் வாங்கிக்கொண்டிருந்தபோது, பழைய எந்திரம் வைத்திருந்தவர் ஓப்பராவினால் அதில் மேலும் சில ஆண்டுகள் காலந்தள்ள முடிந்தது. இச்சிக்கனம் வாய்த்தற்குக் காரணம் உண்டு. நெட்ஸ்கேப்பும் எக்ஸ்ப்ளோரரும் மொசைக்கின் வழித்தோன்றல்கள். முன்னது அதை ஆக்கியவர் கைகளினாலும், பின்னது அதன் உரிமம் பெற்ற நிரலினாலும் உருவாயின. ஓப்பராவைச் செய்தவர்களோ ஒவ்வொரு வரியையும் தாமே புதிதாக எழுதினர்.

அதன் மற்றச் சிறப்புக்களையும் சொல்லவேண்டும். தொடக்கத்திலிருந்தே ஒரே சாளரத்துக்குள் பல பக்கங்களைத் திறந்து வைத்துக்கொள்ள அது இடந்தந்தது. இன்று தாவல் என்று நாம் சொல்லும் வசதியின் முன்னோடி அது. எக்ஸ்ப்ளோரரில் பத்துப் பக்கம் படிக்கவேண்டுமானால் பத்துச் சாளரம் திறக்கவேண்டும். தாவல்கள் அதற்கு வாய்த்தது 2006-இல் வெளிவந்த ஏழாம் பதிப்பில்தான். எழுத்தை மட்டுமன்றிப் படங்களையும் சேர்த்து முழுப் பக்கத்தையும் பெரிதாக்கிக் காட்டும் வசதி, கண்பார்வை குறைந்தவர்க்குப் பேருதவியாக இருந்தது. மவுஸின் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு இடப்புறம் இழுத்தால் முந்திய பக்கம், வலப்புறம் இழுத்தால் அடுத்த பக்கம் என்னும் சைகை முறை 2001-இல் வந்தது. பழகியவர்க்கு அதை விட மனம் வராது. மின்னஞ்சல் படிக்கும் கருவியும் உலாவியினுள்ளேயே இருந்தது. அடிக்கடி செல்லும் தளங்களைச் சிறு படங்களாக வெற்றுப் பக்கத்தில் அடுக்கி வைக்கும் முறை 2007-இல் அறிமுகமாயிற்று. பின்னர் மற்ற உலாவிகளிலும் இது போன்ற பக்கம் இடம்பெற்றது. ஓப்பராவில் பிறந்த பல கருத்துக்கள் வேறு பெயர்களின் கீழ்ப் புகழடைந்தன என்று அதன் அன்பர்கள் குறைபட்டுக்கொள்வதுண்டு. அக்குறை பெரும்பாலும் நியாயமானதே என்பது என் கருத்து.

வலைப்பக்கத்தின் பொருளையும் தோற்றத்தையும் பிரித்து, தோற்றத்தை மட்டும் வரையறுக்கும் நடைத்தாள் என்னும் முறையை 1994-ஆம் ஆண்டு அக்டோபரில் முன்மொழிந்தவர் ஹோகோன் வியூம் லீ என்னும் நார்வேக்காரர். அப்போது அவர் ஜெனீவாவை அடுத்த சேர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தார். 1999-இல் அவரே ஓப்பராவின் தலைமைத் தொழில்நுட்ப அலுவலரானார். எழுதி வைத்த பொது விதிகளின்படி பக்கத்தைக் காட்டவேண்டும் என்பதில் அந்நிறுவனம் கொண்டிருந்த பிடிவாதத்துக்கு அவருடைய பங்கு பெரிது. 2003-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த ஏழாம் பதிப்பில் பிரெஸ்டோ என்னும் புதிய பொறி அமைந்தது. அடுத்த பத்தாண்டு அதுவே ஓப்பராவின் உயிர்.

இத்துணை நலமும் வாய்த்திருக்க, மக்கள் ஏன் அதன்பால் திரளவில்லை? விலை ஒரு காரணம். பிறர் இலவசமாகக் கொடுத்ததை ஓப்பரா விற்றது. 2000-ஆம் ஆண்டு டிசம்பரில், விளம்பரத்தைப் பொறுத்துக்கொள்வோர்க்கு இலவசம், வேண்டாதவர்க்கு விலை என்று மாற்றியது. அவ்விலை பின்னர் 39 டாலராக இருந்தது. நம் நாட்டு மாணவன் ஒருவனுக்கு அந்நாளில் அது சிறு தொகையன்று. விளம்பரப் பட்டையோ சிறிய திரையில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டது. 2005-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் நாள் விலையும் விளம்பரமும் இரண்டுமே நீங்கின. ஆனால் அதற்குப் பத்து மாதம் முன்பே, நெட்ஸ்கேப் திறந்துவிட்ட நிரலிலிருந்து வளர்ந்த ஃபயர்பாக்ஸ் இலவசமாக வெளிவந்து, மாற்று உலாவி தேடியவர்களைக் கவர்ந்துகொண்டிருந்தது.

விலை நீங்கியபின்னும் நீங்காத இடர் ஒன்று உண்டு. அதுவே முதன்மையானது. வலைத்தளம் அமைப்போர் தாம் எழுதிய பக்கத்தை எக்ஸ்ப்ளோரரில் திறந்து பார்த்தார்கள். அங்கே சரியாகத் தோன்றினால் வேலை முடிந்தது என்று எழுந்துவிட்டார்கள். எக்ஸ்ப்ளோரரோ விதிகளைச் சில இடங்களில் தவறாகப் புரிந்துகொண்டிருந்தது. பிழையாக எழுதிய பக்கத்தையும் ஒருவாறு ஊகித்து ஒட்டுப்போட்டுக் காட்டியது. ஆகவே ஆசிரியர் பிழையும் கருவியின் பிழையும் ஒன்றையொன்று மறைத்தன. அதே பக்கத்தை விதிப்படி நடக்கும் ஓப்பராவில் திறந்தால் பத்திகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும்; பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நிகழாது. பார்ப்பவர் யாரை நோவார்? பக்கத்தை எழுதியவரை அன்று, ஓப்பராவையே நொந்தார். விதியைக் காத்தவன் குற்றவாளியாக நின்றான். இறுதியில் ஓப்பராவின் பொறியாளர்கள் தம் காலத்தில் பெரும் பகுதியைப் பிறர் பிழைகளைப் போலவே பிழை செய்யக் கற்பதில் செலவிட நேர்ந்தது. குறிப்பிட்ட தளங்கள் உடைந்து தோன்றாதபடி, அத்தளங்களுக்கென்றே எழுதிய திருத்தங்களின் கோப்பு ஒன்றை உலாவி தானே அவ்வப்போது தருவித்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் செய்தனர்.

இதனினும் விந்தையானது பெயரைப் பற்றிய தொல்லை. உலாவி ஒரு தளத்தை அணுகும்போது, 'நான் இன்னான், இன்ன பதிப்பு' என்று தன்னை அறிவித்துக்கொள்ளும். கதவைத் தட்டுபவர் பெயர் சொல்வது போன்ற வழக்கம் இது. பல தளங்கள் பெயரைக் கேட்டே ஆளை உள்ளே விட்டன. நெட்ஸ்கேப்பின் மறைபெயர் மோசில்லா. அது கோலோச்சிய நாளில், எக்ஸ்ப்ளோரர் தன்னை மோசில்லா என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தது. பின்னர் எக்ஸ்ப்ளோரர் கோலோச்சியபோது, ஓப்பரா தன்னை எக்ஸ்ப்ளோரர் என்று முன்னால் சொல்லி, வரியின் கடைசியில் தன் பெயரைச் சேர்த்துக்கொண்டது. இதனால் உண்டான கேடு நுட்பமானது. வந்தவர் கணக்கை மேலோட்டமாக எடுத்த தளங்கள் ஓப்பராவினரை எக்ஸ்ப்ளோரர் கணக்கில் எழுதிவிட்டன. ஓப்பராவினர் ஒருவரும் நம் தளத்துக்கு வருவதில்லை, அவர்களுக்காக ஏன் சோதிக்கவேண்டும் என்று தள உரிமையாளர் கருதினார். மாற்று வேடம் உள்ளே நுழைய உதவிற்று. ஆனால் வேடமிட்டவனே இல்லை என்னும் எண்ணத்தையும் வளர்த்தது.

2001-ஆம் ஆண்டு அக்டோபரில், விண்டோஸ் எக்ஸ்பி வெளியான அதே சமயத்தில், மைக்ரோசாப்டின் எம்.எஸ்.என். தளம் ஓப்பரா முதலிய சில உலாவிகளுக்குக் கதவை அடைத்தது. வந்தவர்களுக்குப் பக்கத்துக்குப் பதிலாக எக்ஸ்ப்ளோரரைப் பெற்றுக்கொள்ளுமாறு அறிவுரை கிடைத்தது. கண்டனக் குரல் எழவே, சில நாட்களில் தடை நீங்கிற்று. 2003-இல் நிகழ்ந்தது இன்னும் சுவையானது. அத்தளம் ஓப்பராவுக்கு மட்டும் வேறொரு நடைத்தாளை அனுப்புவதை ஓப்பரா நிறுவனத்தார் கண்டறிந்தனர். அதில் உள்ளடக்கத்தை 30 புள்ளி இடப்புறம் தள்ளும் கட்டளை இருந்தது. வரிகளின் தொடக்கம் ஓரத்தில் மறைந்துபோயிற்று. சோதனைக்காக அவர்கள் உலாவி சொல்லும் பெயரில் இரண்டொரு எழுத்தை மாற்றி, அமெரிக்கத் தொலைக்காட்சிப் பெண்மணி ஒருவரை நினைவூட்டும் 'ஓப்ரா' என்று ஆக்கி அனுப்பினர். உடனே ஒழுங்கான பக்கம் வந்தது! எண்ணிச் செய்ததாயினும் கவனக்குறைவாயினும் படிப்பவர்க்கு விளைவு ஒன்றே. 2003 பிப்ரவரியில் ஓப்பரா தன் எதிர்ப்பைக் கேலியாக வெளியிட்டது. 'போர்க்' என்னும் தனிப்பதிப்பு ஒன்றை வெளியிட்டு, எம்.எஸ்.என். தளத்தை அதில் திறந்தால் மட்டும் சொற்கள் எல்லாம் மப்பெட் பொம்மை நிகழ்ச்சியின் சுவீடன் சமையற்காரர் உளறுவதுபோல் மாறித் தோன்றச் செய்தது. மறு ஆண்டு, பெயர் வெளியிடாத பன்னாட்டு நிறுவனம் ஒன்றிடமிருந்து வழக்குத் தொடராமைக்கான உடன்பாடாக 1 கோடியே 27½ லட்சம் டாலர் பெற்றதாக ஓப்பரா அறிவித்தது. அந்நிறுவனம் மைக்ரோசாப்டே என்று செய்தியாளர்கள் எழுதினர்.

பதிப்பு எண்ணாலும் ஒரு தொல்லை வந்தது. 2009 செப்டம்பரில் பத்தாம் பதிப்பு வெளிவருவதற்கு முன், சோதனைகளின்போது சில தளங்கள் அதை ஏற்க மறுப்பது தெரிந்தது. பதிப்பு எண் ஒற்றை இலக்கமாகவே இருக்கும் என்று கருதி எழுதிய நிரல்கள், பத்து என்பதன் முதல் இலக்கத்தை மட்டும் படித்து, இது ஒன்றாம் பதிப்பு, மிகப் பழையது என்று முடிவு கட்டிவிட்டன. ஆகவே பத்தாம் பதிப்பு தன்னை 9.80 என்று அறிவித்துக்கொண்டு, உண்மை எண்ணை வரியின் கடைசியில் வைத்தது. அதற்குப் பின்வந்த பதினொன்றும் பன்னிரண்டும் அவ்வாறே செய்தன.

தமிழ் படிப்போர்க்கும் இவ்வரலாற்றில் ஒரு பங்கு உண்டு. ஒருங்குறி பரவுவதற்கு முன், தமிழ்த் தளங்கள் பல தத்தமக்கென எழுத்துரு ஒன்றை வைத்திருந்தன. வாசகர் அதைத் தனியே பெற்று நிறுவாமலே படிக்கும்பொருட்டு, பக்கத்தோடு சேர்ந்து எழுத்துருவும் வந்திறங்கும் முறையைச் சில தளங்கள் மேற்கொண்டன. மைக்ரோசாப்ட் வகுத்த அம்முறை எக்ஸ்ப்ளோரரில் மட்டும் இயங்கியது. மற்ற உலாவிகளில் அப்பக்கத்தைத் திறந்தவர் கண்டது, தமிழ்ச் செய்தியின் இடத்தில் பொருளற்ற ஐரோப்பிய எழுத்துக் குவியலை. பின்னாளில் இதற்கு நேர்மாறாக, ஓப்பராவே தமிழுக்கு உதவிய காலமும் வந்தது. 2006 ஜனவரியில் உலகெங்கும் வெளியான ஓப்பரா மினி என்னும் கைப்பேசி உலாவி, பக்கத்தைத் தன் வழங்கியில் சுருக்கிச் சிறு பொதியாக்கிக் கைப்பேசிக்கு அனுப்பியது. மலிவான கைப்பேசிகளிலும் இணையம் இயங்கியது. தரவுச் செலவும் குறைந்தது. அக்கைப்பேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்துரு இல்லை. ஓப்பரா மினியின் உள்ளமைப்பில் மறைந்திருந்த ஒரு விருப்பத்தை மாற்றினால், வழங்கியே தமிழ் எழுத்துக்களைப் படமாக வரைந்து அனுப்பிவிடும். அவ்வழியறிந்தோர் ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொடுத்துத் தமிழ் படித்தனர்.

தென் கொரியாவில் நிகழ்ந்ததையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வலிமை மிக்க மறைக்குறி முறைகளை ஏற்றுமதி செய்வதை அமெரிக்கா கட்டுப்படுத்தியிருந்த 1990-களின் இறுதியில், அந்நாட்டார் சீட் என்னும் தம் சொந்த முறையை வகுத்தனர். அதை உலாவியில் பொருத்த, எக்ஸ்ப்ளோரரில் மட்டுமே இயங்கும் ஆக்டிவ்எக்ஸ் என்னும் இணைப்பைக் கையாண்டனர். அமெரிக்கக் கட்டுப்பாடு 2000-ஆம் ஆண்டிலேயே தளர்ந்தும், அங்கே வங்கி வேலை செய்ய விரும்பியவர் நெடுங்காலம் வேறு உலாவியைப் பயன்படுத்த இயலவில்லை. காரணம் மறைந்தபின்னும் காரியம் நிலைத்துநின்றது.

2007 டிசம்பரில் ஓப்பரா ஐரோப்பிய ஆணையத்திடம் முறையிட்டது. விண்டோஸோடு எக்ஸ்ப்ளோரரைப் பிணைப்பது முறையன்று என்பது வழக்கு. இரண்டாண்டுக்குப்பின் மைக்ரோசாப்ட் உடன்பட்டது. 2010 மார்ச் முதல் ஐரோப்பாவில் விண்டோஸ் பயன்படுத்துவோர்க்கு, பல உலாவிகளின் பெயரைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் திரை தோன்றியது. 2011 மே முதல் 2012 ஜூலை வரை அத்திரை சுமார் 1½ கோடிப் பேர்க்குத் தோன்றாமலே போனதை ஆணையம் கண்டு, 2013 மார்ச்சில் 56 கோடியே 10 லட்சம் யூரோ அபராதம் விதித்தது.

ஆனால் அபராதம் விதித்த நாளில், வழக்குத் தொடுத்தவன் தன் படைக்கலத்தைக் கீழே வைத்துவிட்டிருந்தான். அதற்கு மூன்று வாரம் முன்னர், 2013 பிப்ரவரி 13-ஆம் நாள், கைப்பேசி உட்பட 30 கோடிப் பேர் தன்னைப் பயன்படுத்துவதாக அறிவித்த ஓப்பரா, அதே அறிவிப்பில் பிரெஸ்டோ பொறியைக் கைவிட்டு, ஆப்பிளும் கூகுளும் பயன்படுத்திய வெப்கிட் பொறிக்கு மாறப்போவதாகவும் கூறியது. எதிரி இப்போது எக்ஸ்ப்ளோரர் அன்று. கைப்பேசித் தளங்களை எழுதுவோர் வெப்கிட்டை மட்டும் மனத்தில் கொண்டு எழுதத் தொடங்கியிருந்தனர். பழைய தொல்லை புதிய பெயரில் வந்துவிட்டது. தனிப் பொறி ஒன்றைப் பேணும் செலவில் பெரும்பகுதி, பிறர் பக்கங்களோடு மல்லாடுவதிலேயே கரைந்தது. வணிகக் கண்ணால் பார்த்தால் முடிவு அறிவுடையதே. ஆயினும் வலையின் பொது விதிகளைத் தனியே சோதித்துப் பார்க்கும் கண்களில் ஒன்று அன்று மூடியது. அவ்விழப்பை இலாபக் கணக்கில் காண முடியாது. 2018 டிசம்பரில் மைக்ரோசாப்டும் தன் சொந்தப் பொறியைக் கைவிட்டுக் கூகுளின் குரோமியத்தை ஏற்பதாக அறிவித்தது என்பதைச் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

2013 ஜூலையில் குரோமியத்தின்மீது கட்டிய ஓப்பரா 15 வெளிவந்தது. நெடுநாள் அன்பர்கள் திறந்து பார்த்துத் திகைத்தனர். மின்னஞ்சல் தனியே பிரிக்கப்பட்டிருந்தது. தாம் விரும்பியவாறு மாற்றியமைக்கும் வசதிகளுள் பெரும்பாலன போய்விட்டன. பக்கங்களைக் குறித்துவைக்கும் பட்டியல்கூட இல்லை. அது திரும்ப வர ஓராண்டுக்கு மேலாயிற்று. 2016-இல் அவ்வுலாவி சீன முதலீட்டாளர் கூட்டுக் குழு ஒன்றுக்கு விற்கப்பட்டது.

நிறுவியவருள் இவர்சோய் 2006-இல் மறைந்தார். டெட்ச்னர் 2011-இல் நிறுவனத்தை விட்டு வெளியேறி, பின்னர் விவால்டி என்னும் புதிய உலாவியைத் தொடங்கினார். அதன் முதற்பதிப்பு 2016 ஏப்ரலில் வந்தது. பழைய ஓப்பராவின் வசதிகள் பலவற்றை மீட்டுத் தருவதே அதன் நோக்கம். பொறி மட்டும் குரோமியத்தினுடையது. அதாவது கூகுளின் குரோம் எவ்வாறு பக்கத்தை வரைகிறதோ, அவ்வாறே இதுவும் வரைகிறது. தளங்கள் இதை மறுக்கப் பொறியைக் காரணம் காட்ட இயலாது. எனினும் 'விவால்டி' என்னும் பெயரைக் கண்ட அளவில் சில தளங்கள் கதவை அடைத்தன. 2019 டிசம்பரில் வெளிவந்த 2.10 பதிப்பு முதல், விவால்டி பெரும்பாலான தளங்களிடம் தன் பெயரைச் சொல்வதை நிறுத்திவிட்டு, தன்னைக் குரோம் என்றே அறிவித்துக்கொள்ளத் தொடங்கியது.